செங்கீரை ஆடாத குழந்தை

ராம் இயக்கி 2019-இல் திரைக்கு வந்த 'பேரன்பு' தொடங்கும்போது அமுதவன் துபாயிலிருந்து திரும்பிவிட்டான். பல ஆண்டுகள் அங்கே உழைத்தவன். மூளை முடக்குவாதத்தோடு பிறந்த மகள் பாப்பாவை அதுவரை பார்த்துக்கொண்ட மனைவி வீட்டைவிட்டுப் போய்விட்டாள். மகளுக்கு இந்தத் தகப்பனைத் தெரியாது. அவன் பக்கத்தில் வந்தால் பயப்படுகிறாள். ஊருக்கு வெளியே நீர்க்கரை வீடொன்றில் அவளோடு தனியாக இருந்து, அவள் நம்பிக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெறுகிறான். வளரும் பெண்ணின் உடலை ஒரு தகப்பன் எப்படிப் பராமரிப்பான் என்ற கேள்வியை இவ்வளவு நேராகக் கேட்ட தமிழ்ப் படங்கள் குறைவு. அதற்காகவே அந்தப் படத்தின் மேல் எனக்கு மதிப்பு உண்டு.

ஆனால் வளைகுடாவில் பிள்ளை பெற்றவர்களுக்கு அதைப் பார்த்து முடித்ததும் வேறொரு கேள்வி எழும். பாப்பா கைக்குழந்தையாக இருந்த காலம் எங்கே? கழுத்து நிற்க வேண்டிய மாதத்தில் நிற்காததை முதலில் கவனித்தது யார்? எந்த ஆஸ்பத்திரிக்கு, யார் தூக்கிக்கொண்டு போனார்கள்? முதல் முறை மருத்துவர் பெயர் சொல்லி நோயைச் சொன்னபோது தகப்பன் எந்த ஷிப்டில் இருந்தான்? படம் அந்த ஆண்டுகளுக்குள் போவதில்லை. அவற்றைக் கடந்தவள் தாய். அவளோ கதையின் ஓரத்திலேயே நின்றுவிடுகிறாள். துபாய், கதை தொடங்குவதற்கு முன்பே முடிந்துபோன ஒரு சொல்.

இது ராமுக்கு மட்டும் உரிய குறை என்று சொல்ல முடியாது. 1990-இல் வந்த மணிரத்னத்தின் 'அஞ்சலி'யை நினைத்துப் பாருங்கள். குழந்தை பிழைக்காது என்று மருத்துவர் சொல்கிறார். தகப்பன் மனைவியிடம் குழந்தை இறந்தே பிறந்தது என்று சொல்லிவிடுகிறான். இரண்டு வருடம் குழந்தை வேறோர் இடத்தில் வளர்கிறது. உண்மை தெரிந்து தாய் கேட்ட பிறகே அது வீட்டுக்கு வருகிறது. அதன் பிறகுதான் நமக்கும் அதன் முகம் தெரிகிறது. நோயைப் பற்றிய அறிவு அங்கே ஆண் காக்கும் இரகசியம். அந்த இரகசியம் உடைவதுதான் கதை. இரண்டு வருடம் ஒரு நோயாளிக் குழந்தைக்குப் பால் புகட்டி, மருந்து கொடுத்து, இரவில் மூச்சை எண்ணிக்கொண்டிருந்த கைகள் யாருடையவை என்று படம் கேட்பதில்லை.

இரண்டும் நல்ல படங்கள். இரண்டும் தாண்டிப்போகும் காலம் ஒன்றே: பிறந்த நாளிலிருந்து ஏறக்குறைய இரண்டு வயது வரை. விசித்திரம் என்னவென்றால், தமிழ் தனக்கென்று ஒரு முழு இலக்கிய வகையை ஒதுக்கி வைத்திருப்பதும் இதே காலத்துக்குத்தான். அதன் பெயர் பிள்ளைத்தமிழ்.

பிள்ளைத்தமிழில் பத்துப் பருவங்கள். பாட்டியல் நூல்களின் வழக்கமான கணக்குப்படி 3-ஆம் மாதம் காப்பில் தொடங்கி, ஒற்றைப்படை மாதங்களில் ஏறி, 21-ஆம் மாதம் வரை போகும். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி ஆகிய ஏழும் ஆண், பெண் இருபாலுக்கும் பொது. கடைசி மூன்று மட்டும் வேறுபடும். 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்க சோழன்மேல் பாடியதிலிருந்து இந்த வகை தொடர்ந்து எழுதப்பட்டு வந்திருக்கிறது. முருகன் மேலும் மீனாட்சி மேலும் மட்டுமல்லாமல் நபிகள் நாயகத்தின் மேலும் இயேசுவின் மேலும் பிள்ளைத்தமிழ் உண்டு. ஆகவே கும்பகோணத்திலிருந்து போனவருக்கும், கீழக்கரையிலிருந்து போனவருக்கும், தூத்துக்குடியிலிருந்து போனவருக்கும் இது வீட்டுச் சொத்து.

இந்த வகையை நாம் கொஞ்சலாக மட்டுமே வாசித்துப் பழகிவிட்டோம். முதல் பருவம் காப்பு என்பதை மறந்துவிடுகிறோம். பிள்ளையைக் கொஞ்சுவதற்கு முன்னால், ஒவ்வொரு தெய்வமாக அழைத்து, இதைக் காப்பாற்று என்று கேட்க வேண்டியிருந்தது. பிள்ளைகள் பிழைப்பதே நிச்சயமில்லாத காலத்தின் பயம் அந்த முதல் பருவத்தில் உறைந்திருக்கிறது. இடுப்பிலும் மணிக்கட்டிலும் கட்டுவதற்கும் காப்பு என்றே பெயர். வசம்பைக் கோத்துக் கையில் கட்டுவதும், கன்னத்தில் மை வைப்பதும், அதே பருவத்தின் வீட்டு வடிவங்கள். இன்று மருத்துவமனையில் பிறந்த உடனே மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டுகிறார்கள். அதில் பெயர்கூட இருக்காது. தாயின் பெயரும் ஓர் எண்ணும் இருக்கும். இன்சூரன்ஸுக்குத் தமிழ் கொடுத்த சொல்லிலும் காப்பு இருக்கிறது: காப்பீடு.

காப்புக்குப் பிறகு வரும் பருவங்கள் எல்லாம் ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கின்றன. பிள்ளை மாதம் தவறாமல் வளரும் என்பதே அந்த நம்பிக்கை. 5-ஆம் மாதம் ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, இரு கையையும் தரையில் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடும், அது செங்கீரை. 9-ஆம் மாதம் இரு கையையும் சேர்த்துக் கொட்டும், அது சப்பாணி. 11-ஆம் மாதம் கேட்டால் முத்தம் தரும்.

இனி, இதயத்தில் ஒரு கீழறை மட்டுமே ஒழுங்காக வேலை செய்யும் நிலையில் பிறந்த குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பொதுவாக மூன்று கட்டங்களில் அறுவைச் சிகிச்சை செய்கிறார்கள். முதலாவது பிறந்த சில நாட்களில் அல்லது வாரங்களில். இரண்டாவது 4 முதல் 6 மாதத்துக்குள். மூன்றாவது 2 வயதுக்கு மேல். இரண்டாவது அறுவை வரும் மாதம், செங்கீரையின் மாதம். மார்பெலும்பைப் பிளந்து செய்த அறுவைக்குப் பிறகு சில வாரங்களுக்குக் குழந்தையை அக்குளில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது. அடியில் கைவைத்து வாரியெடுக்க வேண்டும். குப்புறப் போடுவதையும் மருத்துவர் சொல்லும்வரை தள்ளிவைப்பார்கள். ஆக, இந்தக் குழந்தைக்குச் செங்கீரை விலக்கப்பட்ட ஆட்டம். ஊசி ஏற்றிய கையை அட்டையோடு சேர்த்துக் கட்டியிருந்தால் சப்பாணி கொட்ட முடியாது. சளித்தொற்றுக்குப் பயந்து முகக்கவசம் போட்டவர்களிடம் முத்தம் இல்லை. தாலாட்டுப் பாடினாலும் அதற்கு மேலே கருவியின் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஒருமுறை நோயுற்றுக் குணமாகும் பிள்ளைக்கு இந்த நாட்காட்டி கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவே. வீட்டுக்கு வந்து, மீண்டும் காய்ச்சல், மீண்டும் படுக்கை, மீண்டும் அறுவை என்று போகும் பிள்ளைக்கு அது கலைந்தே போகும். இந்தக் கலைந்த நாட்காட்டிக்கு நம்மிடம் வடிவம் இல்லை. இருப்பவை இரண்டே வடிவங்கள்: அற்புதம், மரணம்.

அற்புதத்துக்குச் சான்று பிள்ளைத்தமிழின் பெருங்கவிஞரின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசவில்லை என்றும், பெற்றோர் திருச்செந்தூருக்குக் கொண்டுபோய்க் கிடத்த, முருகன் அருளால் வாய்திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்றும் மரபு சொல்கிறது. பிற்பாடு அவரே மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழும், நோயாளிகள் தேடிவரும் வைத்தீஸ்வரன்கோயில் முருகன் மேல் முத்துக்குமாரசாமி பிள்ளைத்தமிழும் பாடினார். பேசாத பிள்ளையாக இருந்தவர், பிள்ளைப் பேச்சின் தலைசிறந்த கவிஞரானார். அழகான கதை. ஆனால் அந்த ஐந்து ஆண்டுகள் அதில் அரை வாக்கியம். ஆயிரத்து எண்ணூறு இரவுகளுக்கு மேல் அந்தத் தாயும் தகப்பனும் என்ன செய்தார்கள்? கதைக்கு அது தேவைப்படவில்லை, ஏனென்றால் கதை திருச்செந்தூரை நோக்கிப் போகிறது. அஞ்சலி எதிர்த்திசையில், மரணத்தை நோக்கிப் போகிறது. நடுவில் இருப்பதை இரண்டும் வேகமாகத் தாண்டுகின்றன.

அந்த நடுப்பகுதி ஊரில் நடந்தால் ஒருவாறு சமாளிக்கலாம். பாட்டி இருப்பார், சித்தி வந்து இரவு முழிப்பார், எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை வாசலில் பேச யாராவது கிடைப்பார்கள். வளைகுடாவில் அதே காலத்தின் மேல் இன்னொரு நாட்காட்டி விழுகிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் வெளிநாட்டவருக்குப் பிறக்கும் குழந்தைக்கு 120 நாட்களுக்குள் வசிப்பிட விசா எடுத்தாக வேண்டும், தாண்டினால் அபராதம். துபாயிலும் அபுதாபியிலும் முதல் 30 நாள் குழந்தை தாயின் காப்பீட்டில் இருக்கும். அதற்குள் தனிக் காப்பீட்டுக்கு வழி செய்ய வேண்டும். விசாவுக்குக் கடவுச்சீட்டு வேண்டும், கடவுச்சீட்டுக்குப் படம் வேண்டும். மூக்கில் குழாயோடு படுத்திருக்கும் குழந்தையை வெள்ளைத் துணிமேல் கிடத்தி, கண் திறக்கும் கணத்துக்குக் காத்திருக்கும் தகப்பன் ஒருவனிடமிருந்து ஒரு நல்ல சிறுகதை தொடங்கலாம்.

2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த அமீரகத் தொழிலாளர் சட்டத்தை ஓர் இலக்கியப் பிரதியைப் போல வாசித்துப் பார்க்கலாம். தனியார் துறையில் தாய்க்குப் பேறுகால விடுப்பு 60 நாள்; 45 நாள் முழுச் சம்பளம், 15 நாள் பாதி. குழந்தை நோயோடோ குறைபாட்டோடோ பிறந்து இடைவிடாத துணை தேவைப்பட்டால், மருத்துவச் சான்றின் பேரில் மேலும் 30 நாள் முழுச் சம்பளத்தோடு, அதற்குப் பிறகு 30 நாள் சம்பளமில்லாமல். தகப்பனுக்குப் பெற்றோர் விடுப்பு, பிறந்து ஆறு மாதத்துக்குள், 5 வேலை நாள். நோயுற்ற குழந்தையை இந்தச் சட்டம் நினைத்துப் பார்த்திருக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் அது கற்பனை செய்த நோய், பிறப்பைத் தொடர்ந்து வந்து ஒரே நீட்டாக முடிந்துவிடும் நோய். நான்காம் மாதம் ஒருமுறை, ஏழாம் மாதம் ஒருமுறை என்று திரும்பித் திரும்பி வருவது அதன் கற்பனையிலும் இல்லை. நம் சினிமாவும் அந்நியச் சட்டமும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகின்றன.

இது குடும்பத்தை அழைத்துவர முடிந்தவர்களின் நிலை. மாதம் 4000 திர்ஹமோ, தங்குமிடத்தோடு 3000 திர்ஹமோ சம்பளம் இருந்தால்தான் மனைவி மக்களுக்கு விசா கேட்க முடியும். அதற்குக் கீழே வாங்குகிறவரின் குழந்தை மதுரையிலோ நாகப்பட்டினத்திலோ படுத்திருக்க, தகப்பன் சோனாப்பூர் முகாமில் இருக்கிறார். அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு வேலை செய்யாது, குரல்பதிவு போகும். குழந்தையின் இருமலைப் பதிவுசெய்து அனுப்பு என்று கேட்கும் தகப்பனுக்கு அந்தப் பதிவே நாடி பார்க்கும் கருவி. அமுதவனின் துபாய் ஆண்டுகள் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். படம் அவனைத் திருப்பி அழைத்துவந்த பிறகு பேசத் தொடங்கியதால், அவன் குற்றவுணர்ச்சிக்கு அடியில் என்ன இருந்தது என்று நாம் ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வளைகுடாவைப் பற்றிய மிகப் புகழ்பெற்ற நாவலிலும் குழந்தை இப்படித் தொலைவில்தான் இருக்கிறது. பென்யாமின் 2008-இல் மலையாளத்தில் எழுதி, தமிழிலும் வாசிக்கக் கிடைக்கும் 'ஆடுஜீவித'த்தில் நஜீப் கர்ப்பிணி மனைவியை விட்டுச் சவூதிப் பாலைவனத்தில் மாட்டிக்கொள்கிறான். ஆடு ஒன்றுக்குத் தன் கையால் பேறு பார்த்து, மகனுக்கென்று வைத்திருந்த பெயரை அந்தக் குட்டிக்குச் சூட்டுகிறான். பின்னால் அந்தக் குட்டிக்கு விதையடிக்கிறார்கள். அந்தப் பகுதியைப் படிக்கும்போது வலிப்பது ஆட்டுக்காக மட்டும் இல்லை. தன் பிள்ளையின் உடலுக்கு என்ன நேர்ந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டிய தகப்பனின் நிலையை, பிள்ளையே இல்லாத இடத்தில் வைத்துக் காட்டிவிட்டார் பென்யாமின். ஆனால் அங்கும் குழந்தை உருவகம்தான். அதற்கு எடையில்லை, அதன் டயப்பரை யாரும் மாற்ற வேண்டியதில்லை.

வேறு மொழிகளில் இந்த நடுப்பகுதியை எழுதியவர்கள் உண்டு. இரண்டு பேரை மட்டும் சொல்கிறேன். லாரி மூர் 1997-இல் 'நியூயார்க்கர்' இதழில் எழுதிய 'பீப்பிள் லைக் தட் ஆர் தி ஒன்லி பீப்பிள் ஹியர்' என்ற கதையில் கைக்குழந்தைக்குச் சிறுநீரகத்தில் புற்றுக்கட்டி. முக்கியப் பாத்திரங்களுக்குப் பெயர் கிடையாது. தாய், கணவன், குழந்தை, அறுவை மருத்துவர். தாய் எழுத்தாளர். குறிப்பு எடுத்து வை, பணம் வேண்டியிருக்கும் என்று கணவன் சொல்லிக்கொண்டே இருக்கிறான். கதை அந்தப் பேச்சை மறைப்பதில்லை. முடியும்போதும் பணம் அங்கேயே இருக்கிறது. நம் எழுத்தில் பிள்ளையின் நோய் வந்தால் பணம் ஒன்று வில்லனாகும், இல்லை காணாமல் போகும். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கும் பெற்றோரின் மனம் ஒரே நேரத்தில் பிள்ளையின் மூச்சையும் பில் தொகையையும் எண்ணும் என்பதைச் சொல்ல நமக்குக் கூச்சம். வளைகுடாவுக்குப் போனதே பணத்துக்காக என்னும்போது அந்தக் கூச்சம் இன்னும் அதிகம்.

இன்னொருவர் அலெக்ஸாண்டர் ஹெமோன். சரயேவோக்காரர், 1992-இல் ஊர் முற்றுகைக்குள் போனபோது சிகாகோவில் தங்கிப்போனவர். அவருடைய இரண்டாவது மகளுக்கு ஒன்பதாம் மாதத்தில் மூளையில் கட்டி கண்டுபிடிக்கப்பட்டது. அறுவை, வீடு, மீண்டும் மருத்துவமனை, மீண்டும் அறுவை என்று சில மாதங்கள் போய்க் குழந்தை இறந்தது. 2011-இல் 'தி அக்வேரியம்' என்று ஒரு கட்டுரை எழுதினார். மருந்துகளின் பெயர், சிகிச்சைகளின் பெயர், நாட்களின் வரிசை எல்லாம் அதில் இருக்கின்றன. மீன்தொட்டிக்குள் இருப்பதுபோல் தாங்கள் வெளியுலகைப் பார்த்தாலும் அதன் காற்றைச் சுவாசிக்க முடியவில்லை என்கிறார். சொல்ல வார்த்தையில்லை என்று ஆறுதல் கூற வருகிறவர்கள் சொல்கிறார்கள். அவரிடமோ வார்த்தைகள் ஏராளமாக இருந்தன, கேட்கத்தான் ஆளில்லை. துன்பம் மனிதரை உயர்த்தும் என்ற பழைய ஆறுதலை அவர் மறுத்துவிடுகிறார். மூன்று வயதை நெருங்கிய மூத்த மகள் தனக்கென்று ஒரு சகோதரனைக் கற்பனையில் உண்டாக்கிக்கொண்டு அவனைப் பற்றிப் பேசுவதையும் பதிவுசெய்கிறார். வீட்டில் நோயாளிக் குழந்தை இருக்கும்போது மற்றக் குழந்தை என்ன ஆகிறது என்று எழுதியவர்கள் அதிகமில்லை.

ஹெமோனிடம் எனக்கு முக்கியமாகப் படுவது, அது தகப்பனின் குரல் என்பது. பிள்ளைத்தமிழில் ஆண் கவிஞர்கள் தாயின் குரலையே எடுத்துக்கொண்டார்கள். தகப்பனாகவே பேசும் மரபு நமக்கு மெலிந்தது. பேசினால் அவன் 'அஞ்சலி'யில் போல மறைக்கிறவன், அல்லது 'பேரன்பி'ல் போலத் தாமதமாக வந்தவன். காப்பீட்டு அலுவலகத்தில் வரிசையில் நிற்பதும், விடுப்புக் கடிதம் எழுதுவதும், இரவு ஷிப்ட் முடிந்து வந்து தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக்கு வெளியே நிற்பதும் பாசத்தின் செயல்களாக இன்னும் நம் எழுத்துக்குள் வரவில்லை. தாயின் பங்கிலும் எழுதப்படாதவை நிறைய. மலையாள சிஸ்டரிடமும் பிலிப்பைன்ஸ் சிஸ்டரிடமும் அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டுக் கேட்டு, இதயத்தின் பாகங்களுக்கெல்லாம் பெயர் கற்றுக்கொண்ட தாய், ஊருக்குப் போன் செய்யும்போது பிள்ளைக்குச் சளி, அவ்வளவுதான் என்று சொல்கிறாள். அந்தப் பொய் 'அஞ்சலி'யின் பொய்யைவிடச் சிக்கலானது.

ஒரு நியாயமான மறுப்பு உண்டு. குழந்தையின் உடலும் நோயும் அதற்குச் சொந்தம். வளர்ந்தபின் அது விரும்பாமல் போகலாம். பெற்றவர்களுக்கு அதை எழுத என்ன உரிமை? இந்தக் கேள்விக்கு மூர் பெயர்களை நீக்கிப் பதில் சொன்னார். ஹெமோனின் குழந்தைக்குக் கேட்க வாய்ப்பே கிடைக்கவில்லை. எனக்குத் தோன்றுவது, குழந்தையை எழுதுவது வேறு, குழந்தையைச் சுற்றி நின்றவர்களை எழுதுவது வேறு. பின்னதற்குக் குழந்தையின் பெயரோ முகமோ தேவையில்லை. காத்திருந்த நாற்காலியும், கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவமும், சொன்ன பொய்யும் பெற்றவர்களுக்குச் சொந்தமானவை. அவற்றை எழுத யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். அமீரகத்தில் பிறப்பதால் குடியுரிமை வருவதில்லை. தகப்பனின் வேலை முடிந்தால் குடும்பம் கிளம்ப வேண்டும். அந்தக் குழந்தை திருச்சியிலோ டொராண்டோவிலோ வளர்கிறது. சிகிச்சை செய்த மருத்துவர் வேறு நாட்டுக்குப் போயிருப்பார், பக்கத்து ஃபிளாட்காரர்கள் கொச்சிக்கோ மணிலாவுக்கோ திரும்பியிருப்பார்கள், குடியிருந்த கட்டடம் இடிக்கப்பட்டிருக்கலாம். ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு, நீ சின்ன வயதில் எப்படிக் கிடந்தாய் தெரியுமா என்று சொல்லத் தெருவே இருக்கும். இந்தப் பிள்ளைக்கு அப்படி ஒரு தெரு கிடையாது. மார்பின் நடுவே ஒரு கோடு இருக்கிறது. பெட்டியின் அடியில் ஒரு ஃபைல் இருக்கிறது. அதில் எடை, அளவு, தேதி எல்லாம் உண்டு. யார் இருந்தார்கள் என்பது இல்லை.

இந்த இதழை வாசிக்கிறவர்களில் அந்தக் கோட்டைச் சுமக்கும் இளையவர்களும் இருப்பார்கள். அப்பா அம்மாவிடம் கேட்டால், அதெல்லாம் எதற்கு இப்போது, நன்றாகத்தானே இருக்கிறாய் என்ற பதில் வரும். தங்களைக் காப்பாற்றிக்கொள்ளப் பெற்றவர்கள் வைத்திருக்கும் பதில் அது. நம் சினிமாவும் நம் தெய்வக் கதையும் அவர்களுக்கு அதையே கற்றுக்கொடுத்திருக்கின்றன: நடுவில் நடந்ததை விட்டுவிடு, முடிவைச் சொல்.

பிள்ளைத்தமிழ் முடிவைச் சொல்லும் இலக்கியம் இல்லை. அது 21-ஆம் மாதத்தில் பாதியில் நின்றுவிடும். பிள்ளை பெரியவனாகி என்ன ஆனான் என்று அது கவலைப்படுவதில்லை. மாதம் மாதமாக உட்கார்ந்து ஒரு குழந்தையை உற்றுப் பார்ப்பதற்கு அது கற்றுக்கொடுத்த பொறுமைதான் இன்றைக்கு நமக்கு வேண்டியது. 5-ஆம் மாதம் செங்கீரை ஆடவில்லை. அன்று மார்பில் கட்டு இருந்தது. வாரியெடுக்கச் சொல்லிக்கொடுத்த சிஸ்டரின் ஊர் கோட்டயம். அப்பாவுக்கு அன்று விடுப்புக் கிடைக்கவில்லை. இப்படி எழுதத் தொடங்கினாலே, தமிழில் இல்லாத ஓர் அத்தியாயம் தொடங்கிவிடும். அதை வாசிக்கக் காத்திருக்கிறவர்கள் இப்போது இருபது வயதில் இருக்கிறார்கள்.